உப்பு முதல் சோப்பு வரை: வரி கட்டியவர்கள் யார்?

(அண்ணல் அம்பேத்கர் நினைவு நாள் சொற்பொழிவின் விரிவாக்கப்பட்ட எழுத்து வடிவம்)



டிசம்பர் 6 நினைவுச் சொற்பொழிவுக்கு என்ன தலைப்பு என்று அமைப்பாளர்கள் தொலைபேசியில் கேட்டார்கள். வரியைப் பற்றி என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கவிதையும் தன்வரலாறும் நாட்டார் வழக்கும் பேசப்படுகிற மேடையில் வரிக் கணக்கா என்ற தயக்கம் அது. அந்தத் தயக்கம் நியாயமானதுதான். ஆனால் நாம் யாருடைய நினைவு நாளில் கூடியிருக்கிறோம்? பொதுநிதியைப் பற்றி ஆய்வுநூல் எழுதிய ஒருவரின் நினைவு நாளில். சிலையில் அவர் கையிலிருக்கும் புத்தகத்தை அரசமைப்புச் சட்டமாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். அவர் முதலில் எழுதிய புத்தகங்கள் வரி, நாணயம், நிதி பற்றியவை.

என் சொந்தக் கதை ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். நான் கல்லூரியில் சேர்ந்தது 1998 இல். என் அம்மா மரக்காணம் பக்கம் உப்பளத்தில் கூலி வேலை செய்துகொண்டிருந்தார். கல்வி உதவித்தொகைக்கான படிவத்தில் கையெழுத்து வாங்க மூன்றாம் முறையாக அலுவலகத்துக்குப் போயிருந்தேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் கோபப்படவில்லை. சாதி சொல்லித் திட்டவும் இல்லை. அமைதியாகத்தான் சொன்னார்: “இந்தப் பணமெல்லாம் வரி கட்டுறவங்க குடுக்கிறது. அத ஞாபகம் வச்சுக்கிட்டுப் படிங்க.”

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா கேட்டது ஒன்றுதான்: “கையெழுத்துப் போட்டாரா, இல்லையா?”

போட்டிருந்தார். நான் படித்தேன். ஆனால் அந்த வாக்கியம் கூடவே வந்தது. இட ஒதுக்கீடு, ரேஷன், விடுதி, தொகுப்பு வீடு என்று எந்தப் பேச்சு எழுந்தாலும் அதே வாக்கியம் வேறு வேறு வாய்களில் வந்தது. “எங்கள் வரிப்பணம்.” அதில் இரண்டு பேர் இருக்கிறார்கள். கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர். வாங்குபவர் எக்காலத்திலும் கொடுத்ததே இல்லை என்பது அந்த வாக்கியத்தின் அடித்தளம். இந்த நாட்டு வரி வரலாற்றைப் படித்தால் அது பொய் என்று தெரியும். அந்த வரலாற்றைத்தான் இன்று பேசப்போகிறேன்.

கொலம்பியாவில் ஒரு மாணவர்

1913 பிப்ரவரியில் அமெரிக்க அரசமைப்பில் 16 ஆவது திருத்தம் நிறைவேறியது. வருமானத்தின் மீது வரி போடும் அதிகாரத்தை அது ஒன்றிய அரசுக்கு உறுதிசெய்தது. அதுவரை அந்த அரசு பெரும்பாலும் இறக்குமதிச் சுங்கத்திலும் மது, புகையிலை மீதான தீர்வைகளிலும் ஓடியது. அதாவது மக்கள் வாங்கும் பொருள்களின் விலையில் ஏறி உட்காரும் வரிகளில். மேற்கிலும் தெற்கிலும் இருந்த விவசாயிகள், பணக்காரர்களின் வருமானத்தைத் தொடுங்கள் என்று பல ஆண்டுகள் போராடினார்கள். 1895 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வருமான வரியைச் செல்லாது என்றது. அதைக் கடக்கத்தான் அரசமைப்புத் திருத்தம் தேவைப்பட்டது.

அதே 1913 இல்தான் பீமராவ் அம்பேத்கர் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். கொலம்பியாவில் அவருக்கு ஆசிரியராக அமைந்தவர் எட்வின் செலிக்மன். வருமான வரிக்காக வாதாடிய பொருளியலாளர்களில் முதல் வரிசையில் இருந்தவர். அம்பேத்கரின் ‘பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதியின் பரிணாமம்’ 1925 இல் நூலாக வந்தபோது முன்னுரை எழுதியவரும் அவரே. இருப்பவனிடம் அவன் சக்திக்கு ஏற்ப வாங்கு என்ற கோட்பாடு ஒரு நாட்டில் சட்டமான அதே ஆண்டில், ஏதும் இல்லாத மக்களிடமிருந்து ஒரு மாணவர் அந்தப் பாடத்தைப் படிக்கப் போகிறார்.

அதே அமெரிக்காவில் இன்று எதிர்த் திசையில் ஒரு குரல் கேட்கிறது. வருமான வரியை அடியோடு ஒழித்து, நாடு முழுவதற்கும் ஒரே விற்பனை வரி போடவேண்டும் என்கிற ‘ஃபேர் டாக்ஸ்’ மசோதா 1999 முதல் அங்கே திரும்பத் திரும்பக் கொண்டுவரப்படுகிறது. இதுவரை நிறைவேறவில்லை. அதன் விகிதம் 23 சதவீதம் என்பார்கள். நம் ஊர்க் கடைக் கணக்கில், பொருளின் விலைக்கு மேல் போடுகிற வரியாகப் பார்த்தால் அது 30 சதவீதம். நம் நாட்டிலும் வருமான வரியை ஒழிக்கவேண்டும் என்று சுப்பிரமணியன் சுவாமி போன்றவர்கள் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். கணக்கு எழுத வேண்டாம், அதிகாரி வீட்டுக்கு வரமாட்டார், செலவு செய்யும்போது மட்டும் வரி கட்டினால் போதும்.

இதில் மறைவது என்ன என்று ஒரு சின்னக் கணக்கில் பார்ப்போம். ஒரு தூய்மைப் பணியாளர் மாதம் 15,000 ரூபாய் வாங்குகிறார் என்று வையுங்கள். அத்தனையும் செலவாகிவிடும். இன்னொருவர் 3 லட்சம் வாங்குகிறார். 1 லட்சம் செலவு செய்கிறார். மீதி 2 லட்சம் மனையாகவும் பங்காகவும் வைப்புநிதியாகவும் மாறுகிறது. இருவர் செலவிலும் பத்தில் ஒரு பங்கு வரி என்றால், முதலாமவர் கட்டுவது 1,500 ரூபாய், இரண்டாமவர் கட்டுவது 10,000 ரூபாய். தொகையைப் பார்த்தால் இரண்டாமவர் வள்ளல். வருமானத்தோடு வைத்துப் பார்த்தால் முதலாமவர் கட்டியது 10 சதவீதம், இரண்டாமவர் கட்டியது மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல். சேமிக்க முடியாதவன் தன் முழுக் கூலிக்கும் வரி கட்டுகிறான். இந்த நாட்டில் சேமிக்க முடியாதவர்கள் யார் என்பதைத் தீர்மானித்ததில் சாதிக்கு இருக்கும் பங்கை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தறிக்கும் உளிக்கும் வரி

சென்னை மாகாணத்தில் வருமான வரி வருவதற்கு முன்பு உழைப்பவர்கள் வரி கட்டவில்லையா? கட்டினார்கள். ‘மொதர்பா’ என்று கச்சேரி ஆவணங்களில் எழுதப்பட்ட ஒரு வரி இருந்தது. தறி வைத்திருந்தால் வரி, பட்டறை வைத்திருந்தால் வரி, கடை போட்டால் வரி. கைத்தொழில் செய்யும் சாதிகள் தங்கள் கருவிகளுக்காகவே வரி கட்டின. சென்னைவாசிகள் சங்கம் 1852 இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் இந்த வரியின் கொடுமையும் ஒரு புகாராக இருந்தது.

1857 கிளர்ச்சியை அடக்கிய செலவில் ஆங்கில அரசின் கஜானா காலியானது. ‘தி எகானமிஸ்ட்’ இதழை நிறுவிய ஜேம்ஸ் வில்சன் நிதிப் பொறுப்பாளராக இந்தியா வந்தார். 1860 இல் முதல் வருமான வரியைக் கொண்டுவந்தார். ஆண்டுக்கு 200 ரூபாய்க்குக் கீழே வருமானம் உள்ளவர்களுக்கு வரி இல்லை. 200 முதல் 500 வரை 2 சதவீதம், அதற்கு மேல் 4 சதவீதம். ஜமீன்தாரின் நில வருமானமும் இதற்குள் வந்தது. சென்னையில் மொதர்பா வரியும் அந்த ஆண்டுகளில்தான் கைவிடப்பட்டது.

யார் எதிர்த்தார்கள் என்று பாருங்கள். சென்னை கவர்னர் சார்லஸ் டிரெவெல்யன் வெளிப்படையாக எதிர்த்தார். தன் எதிர்ப்புக் குறிப்பையே பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். புது வரி போடுவதற்குப் பதிலாக அரசு செலவைக் குறைக்கட்டும் என்பது அவர் வாதம். அதற்காக அவர் திரும்ப அழைக்கப்பட்டார். வில்சன் அதே ஆண்டு ஆகஸ்டில் கல்கத்தாவில் நோயுற்று இறந்தார். பின்னர் டிரெவெல்யனே இந்திய அரசின் நிதிப் பொறுப்பாளராகத் திரும்பி வந்தார். அவர் காலத்தில், 1865 இல், வருமான வரி காலாவதியாக விடப்பட்டது. 1869 இல் மேயோ பிரபு மீண்டும் கொண்டுவந்தார். 1873 இல் நார்த்புரூக் பிரபு மீண்டும் கைவிட்டார். வெள்ளை வணிகர்கள், அதிகாரிகள், நிலப்பிரபுக்கள், படித்த இந்தியர்கள் என எல்லோரிடமிருந்தும் எதிர்ப்பு வந்தது. பத்திரிகை அவர்கள் கையில் இருந்தது. விண்ணப்பம் எழுதத் தெரிந்திருந்தது. அதனால் அவர்கள் வரி வந்து வந்து போனது.

போகாத வரி ஒன்று இருந்தது. உப்பு வரி.

பஞ்சத்தில் ஏறிய உப்பு

1869 இல் இந்தியாவுக்கான அமைச்சராக லண்டனில் இருந்தவர் ஆர்கைல் கோமகன். மக்கள் திரளை நேர் வரிகளால் எட்ட முடியாது, எல்லோரும் வாங்கியாக வேண்டிய ஒரு பொருளில் வரி வைத்தால்தான் எட்டலாம், அதற்கு உப்பு ஏற்றது என்பது அவர் நிலைப்பாடு. இன்றைய நுகர்வு வரி ஆதரவாளர்கள் சொல்வதும் இதன் மறுபதிப்புதான்: எல்லோரும் கொஞ்சம் கொடுக்கட்டும், வரி விழுவதே தெரியாமல் விழட்டும்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் தின்றது. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொன்னது அதைத்தான். நிவாரண வேலைக்கு வந்த கூலிக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்தார். அது உழைக்கும் உடம்புக்குப் போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். அந்தப் பஞ்சம் முடியும் முன்பே, 1877-78 இல், சென்னையிலும் பம்பாயிலும் உப்பு வரி மணங்குக்கு 1 ரூபாய் 13 அணாவிலிருந்து 2 ரூபாய் 8 அணாவாக உயர்த்தப்பட்டது. ஒரு மணங்கு என்பது ஏறக்குறைய 37 கிலோ. கிலோ உப்புக்கு ஓர் அணாவுக்கும் சற்று அதிகமாக வரி மட்டுமே ஆகிறது.

அதே காலத்தில் நடந்த வேறு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பஞ்ச நிதி திரட்டுவதற்கென்று 1878 இல் வணிகர்கள் மீது உரிம வரி போட்டார்கள். அதில் அரசு அதிகாரிகளுக்கும் வக்கீல் போன்ற தொழில்முறையாளர்களுக்கும் விலக்கு. 1879 இல் மான்செஸ்டர் முதலாளிகளின் நெருக்குதலால் முரட்டு ரகப் பருத்தித் துணிகளின் இறக்குமதித் தீர்வை நீக்கப்பட்டது. 1882 இல் மற்றத் துணிகளுக்கும் நீங்கியது. பஞ்சத்தின் செலவுக்கு உப்பு வாங்குகிறவன் கூடுதலாகக் கொடுத்தான். மான்செஸ்டருக்குச் சலுகை கிடைத்தது.

உப்பு வரியைக் காப்பாற்ற ஒரு தனிப் படையே வேண்டியிருந்தது. கடற்கரையில் இயற்கையாகப் பூத்த உப்பை அள்ளுவது குற்றம். உவர்மண்ணைச் சுரண்டிக் காய்ச்சி மண்ணுப்பு எடுப்பது குற்றம். மண்ணுப்புக் காய்ச்சுவதையே குலத்தொழிலாகக் கொண்டிருந்த உப்பிலியர், உப்பரவர் போன்ற மக்கள் அந்தத் தொழிலை விட்டு மண்வெட்டும் வேலைக்குப் போனார்கள். வரி என்பது வாங்கும்போது கொடுக்கிற காசோடு முடியவில்லை. ஒரு கூட்டத்தின் பிழைப்பையே அது குற்றமாக்கியது.

1886 இல் வருமான வரி நிலையாக வந்து சேர்ந்தது. ஆண்டுக்கு 500 ரூபாய்க்குக் கீழே விலக்கு. இந்த முறை அதிகாரிகளும் வக்கீல்களும் உள்ளே வந்தார்கள். ஆனால் விவசாய வருமானம் வெளியே போய்விட்டது. நிலவரி ஏற்கெனவே இருக்கிறதே என்பது காரணம். அந்த விலக்கு இன்றுவரை ஒன்றிய வருமான வரியில் தொடர்கிறது. உழுத கூலிக்கு நிலம் இல்லை. நிலம் உள்ளவருக்கு வருமான வரி இல்லை. இரண்டு ஆண்டு கழித்து, 1888 இல், பர்மா போர்ச் செலவும் ரூபாய் மதிப்பின் வீழ்ச்சியும் நிதியை நெருக்கியபோது உயர்த்தப்பட்டது எது? 2 ரூபாயாகக் குறைக்கப்பட்டிருந்த உப்பு வரி மறுபடியும் இரண்டரை ரூபாயானது. 1907 இல் அது 1 ரூபாய்வரை இறங்கியது. 1923 இல் சட்டமன்றம் மறுத்தும் ரீடிங் பிரபு தன் தனி அதிகாரத்தால் மீண்டும் இரண்டரை ரூபாயாக்கினார். அடுத்த ஆண்டு குறைந்தது.

பம்பாய் மன்றத்தில் 1927

அம்பேத்கர் பம்பாய்ச் சட்ட மேலவைக்கு வந்ததும் எடுத்த முதல் விவகாரங்களில் ஒன்று வரி. 1927 பிப்ரவரியில் வரவு செலவுத் திட்டத்தின் மீது பேசும்போது அவர் இரண்டு வரிகளை ஒப்பிட்டார். வருமான வரிக்கு ஒரு கீழ்வரம்பு இருக்கிறது. அதற்குக் கீழே சம்பாதிப்பவனைத் தொடுவதில்லை. நிலவரிக்கு அப்படி வரம்பு கிடையாது. ஓர் ஏக்கர் வைத்திருப்பவனும் கட்டவேண்டும், பெரும் பண்ணைக்காரனும் கட்டவேண்டும். விளைந்தாலும் கட்டவேண்டும், காய்ந்தாலும் கட்டவேண்டும். இது என்ன நீதி என்று கேட்டார்.

அடுத்த மாதம் கல்வி மானியத்தின் மீது பேசினார். மக்களிடமிருந்து மது ஆயத்தீர்வையாக எவ்வளவு எடுக்கிறீர்கள், கல்விக்கு அவர்களுக்கு எவ்வளவு திருப்பித் தருகிறீர்கள் என்று தலைக்கு இவ்வளவு எனக் கணக்கு வைத்தார். எடுத்தது அதிகம், கொடுத்தது குறைவு. ஆயத்தீர்வையாக எடுப்பதையாவது கல்விக்குத் திருப்புங்கள் என்பது அவர் கோரிக்கை. என் உதவித்தொகைப் படிவத்தின் மேல் கை வைத்திருந்த அந்த மனிதருக்கான பதில், நான் பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே அவைக்குறிப்பில் இருந்திருக்கிறது. அண்ணல் அங்கே தருமம் கேட்கவில்லை. வரவு செலவைத் தணிக்கை செய்தார்.

நம் மாகாணத்துக்கு வருவோம். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து உப்பு அள்ளினார். பரம ஏழையும் கட்டுகிற வரி என்பதால்தான் காந்தி உப்பைத் தேர்ந்தெடுத்தார். அந்த அரசியல் கூர்மையை நாம் மறுக்க வேண்டியதில்லை. 1937 இல் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானார். சேலத்தில் மதுவிலக்கு வந்தது. கள் சாராய வருவாய் போன ஓட்டையை அடைக்க ஒரு புது வரி தேவைப்பட்டது. 1939 இல் சென்னை மாகாணப் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. இந்தியாவில் பொதுவான பொருள்கள் மீது வந்த முதல் பொது விற்பனை வரி அதுதான். விகிதம் சிறியது. ஆனால் பாதை பெரியது. மற்ற மாகாணங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. 1947 இல் உப்பு வரி ஒழிந்தபோது நாடே மகிழ்ந்தது. அதற்குள் தீப்பெட்டிக்கும் சர்க்கரைக்கும் 1934 முதலே ஒன்றியக் கலால் வரி வந்துவிட்டது. கடையில் வாங்குகிற மற்றவற்றில் விற்பனை வரி குடியேறிக்கொண்டிருந்தது. ஓர் உப்புக்குப் பதில் நூறு உப்பு.

பணக்காரன் செலவுக்கு ஒரு வரி

நுகர்வுக்கு வரி என்றாலே ஏழைக்கு எதிரானது என்று நான் சொல்லவில்லை. அதற்கு நம் வரலாற்றிலேயே ஒரு சான்று இருக்கிறது. கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் நிக்கோலஸ் கால்டோர் 1956 இல் இந்திய வரிமுறையை ஆராய்ந்து அறிக்கை தந்தார். அதன் வழியில் 1957 இல் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி செல்வ வரியையும் செலவு வரியையும் கொண்டுவந்தார். செலவு வரி கடையில் வசூலிக்கப்பட்டதல்ல. வருமானம் ஆண்டுக்கு 36,000 ரூபாயைத் தாண்டியவர்களின் ஆடம்பரச் செலவுக்கு, அவர்களிடமே கணக்குக் கேட்டு, படிப்படியாக உயரும் விகிதத்தில் போடப்பட்டது. கூலிக்காரனை அது தொடவே இல்லை.

அது என்ன ஆயிற்று? 1962 இல் மொரார்ஜி தேசாய் நீக்கினார். 1964 இல் டி.டி.கே. திரும்பக் கொண்டுவந்தார். 1966 இல் மறுபடியும் போயிற்று. 1953 இல் வந்த இறப்புச் சொத்து வரி 1985 இல் போயிற்று. செல்வ வரியை ஒழிப்பதாக 2015 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். ஒவ்வொரு முறையும் சொன்ன காரணம் ஒன்றே: வசூல் குறைவு, தொல்லை அதிகம். அந்தக் காரணத்தில் உண்மையும் உண்டு. ஏய்ப்பு நடந்தது. ஏய்த்தவர்கள் தண்டிக்கப்படவில்லை, வரி தண்டிக்கப்பட்டது. மண்ணுப்புக் காய்ச்சியவனைப் பிடிக்கக் காட்டிலும் மேட்டிலும் ஆள் நிறுத்திய அரசுக்கு, மாளிகைக் கணக்கைப் பார்ப்பது மட்டும் தொல்லையாகிவிட்டது.

சோப்புக்கு 18, தங்கத்துக்கு 3

2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது. நாடு முழுவதற்கும் ஒரே நுகர்வு வரி. வருமான வரி ஒழியவில்லை என்றாலும், எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைச் சில தேதிகள் காட்டும். 2019 செப்டம்பரில் கம்பெனிகளின் வருமான வரி அடிப்படை விகிதம் 30 இலிருந்து 22 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. புதிய உற்பத்திக் கம்பெனிகளுக்கு 15. 2022 ஜனவரி 1 முதல் ஆயிரம் ரூபாய்க்குட்பட்ட செருப்புக்கு வரி 5 இலிருந்து 12 சதவீதம் ஆயிற்று. அதே ஆண்டு ஜூலை 18 முதல், பையில் அடைத்து முத்திரையிட்ட அரிசி, மாவு, பருப்பு, தயிர் மீது 5 சதவீதம் வந்தது. மாதவிடாய் நாப்கினுக்கு 12 சதவீதம் போட்டு, பெண்கள் ஓராண்டு போராடிய பிறகு 2018 இல் நீக்கினார்கள்.

குளிக்கிற சோப்புக்கும் பற்பசைக்கும் தலைக்கு வைக்கும் எண்ணெய்க்கும் எட்டு ஆண்டுகள் 18 சதவீதம். தங்க நகைக்கு 3 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல்தான் சோப்பும் பற்பசையும் 5 சதவீதத்துக்கு வந்தன. குறைத்ததை வரவேற்கிறேன். ஆனால் அந்த எட்டு ஆண்டு யாருக்கும் திரும்பி வராது. சாக்கடையிலும் சுடுகாட்டிலும் வேலை செய்துவிட்டு வந்து, மற்றவர்களைவிட அதிகமாகச் சோப்பு தேய்த்துக் குளிக்க வேண்டியவர்கள் யார்? அசுத்தமானவர்கள் என்று நம்மைத் தள்ளிவைத்த சமூகம், நாம் சுத்தமாவதற்கு நகைக்காரரைவிட ஆறு மடங்கு விகிதத்தில் வரி வாங்கியிருக்கிறது.

ஜி.எஸ்.டி.க்கு வெளியே பெட்ரோல், டீசல், மது இருக்கின்றன. மதுவில் மாநில அரசு வாங்குகிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறைக் கடையையும் அரசே நடத்துகிறது. 2023-24 இல் டாஸ்மாக் வழி வந்த வரி வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். குடியைப் பற்றி நம் தெருக்களில் நாமே கண்டிப்புடன் பேசவேண்டும். பேசிக்கொண்டும் இருக்கிறோம். ஆனால் அந்தப் பணத்தைக் கஜானாவில் சேர்த்துக்கொண்டு, சேர்த்தவனைச் சுமை என்று சொல்வது என்ன கணக்கு?

சில மாதங்களுக்கு முன் ஒரு பயிற்சி முகாமில், காலனிப் பெண்கள் சிலரிடம் ஒரு மாதம் கடை ரசீதுகளைச் சேர்த்துவையுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஒரு ரசீதும் வரவில்லை. பெட்டிக்கடையில் யார் ரசீது தருவார்கள்? அதனால் காலிச் சோப்பு உறை, எண்ணெய்ப் பாக்கெட், பிஸ்கட் தாள், ரீசார்ஜ் குறுஞ்செய்தி ஆகியவற்றைக் கொண்டுவந்தார்கள். ‘எல்லா வரிகளும் உட்பட’ என்ற சிறிய எழுத்தை ஒவ்வொரு உறையிலும் தேடி வட்டம் போட்டோம். வயதான அம்மா ஒருவர் தன் உறைகளை எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “அப்ப இத்தன நாளா நாம குடுத்தத எதுல எழுதி வச்சிருக்காங்க?”

எதிலும் எழுதிவைக்கவில்லை என்பதே பதில். வருமான வரி கட்டுபவருக்கு ஓர் எண் இருக்கிறது. ஒப்புகைச் சீட்டு வருகிறது. அரசு அவரைப் பெயர் சொல்லி அறிகிறது. கடையில் வரி கட்டுபவருக்குப் பெயர் இல்லை. வரியைக் கட்டியதாக ஏட்டில் இருப்பது கடைக்காரர் பெயரும் கம்பெனி பெயரும்தான். வருமான வரியை ஒழித்துவிட்டு நுகர்வு வரி மட்டும் போதும் என்று சொல்லும்போது இன்னொன்றும் நடக்கிறது. யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கும் உரிமையையே அரசு கைவிடுகிறது. சொத்தின் கணக்கும் மறைகிறது. இல்லாதவன் கொடுத்த காசின் கணக்கும் மறைகிறது.

எடுத்ததைக் கேட்போம்

ஒரு நியாயமான மறுப்புக்குப் பதில் சொல்லவேண்டும். ஐரோப்பாவின் நலவாழ்வு அரசுகள் அதிக நுகர்வு வரி போட்டுத்தான் மருத்துவமும் கல்வியும் தருகின்றன. அமெரிக்க மசோதாவிலும்கூட அடிப்படைச் செலவுக்கான வரியை மாதாமாதம் குடும்பங்களுக்குத் திருப்பித் தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கும் விதம் முக்கியமா, செலவழிக்கும் விதம் முக்கியமா?

இரண்டும் முக்கியம். தமிழ்நாட்டில் 1956 இல் காமராசர் பள்ளிகளில் விரிவாக்கிய மதிய உணவும், 1982 இல் எம்.ஜி.ஆர். பெரிதாக்கிய சத்துணவும், ரேஷன் அரிசியும் மாநில வருவாயிலிருந்து வந்தவை. அந்த வருவாயின் முதுகெலும்பு விற்பனை வரி. எனவே நாம் சாப்பிட்ட சோற்றுக்கு நாமும் கொடுத்திருக்கிறோம். அதை ‘இலவசம்’ என்று சொல்பவர்கள் கணக்குப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை மட்டும் படிக்கிறார்கள். ஆனால் திருப்பித் தருவது அரசின் மனத்தைப் பொறுத்தது. எடுப்பதோ ஒவ்வொரு சோப்பிலும் உறுதி. வாக்குறுதியை நம்பி வரியை ஏற்றுக்கொண்டவர்களுக்கு நம் நாட்டில் என்ன நடந்தது என்பதைச் சிறப்புக் கூறு திட்டத்தின் கதை சொல்லும். மக்கள்தொகை விகிதப்படி பட்டியல் சாதி மக்களுக்கு நிதி ஒதுக்கவேண்டும் என்ற ஏற்பாடு 1979-80 இலேயே தொடங்கிவிட்டது. ஒதுக்கிய பணம் பொதுத் திட்டங்களுக்குத் திருப்பிவிடப்படுகிறது என்ற புகாரோடு இயக்கங்கள் நாற்பது ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் அதற்கென ஒரு தனிச் சட்டம் வந்ததே 2024 இல்தான்.

ஆகவே என் கோரிக்கைகள் எளியவை. உயிர்வாழத் தேவையான பொருள்களில் வரி கூடாது. பரம்பரைச் சொத்துக்கும் பெருஞ்செல்வத்துக்கும் வரி திரும்ப வரவேண்டும். பெரும் நில வருமானத்துக்கு 1886 இல் கொடுத்த விலக்கை மறுபரிசீலனை செய்யவேண்டும். துணைத்திட்ட நிதி ஒவ்வொரு ரூபாயும் எங்கே போனது என்று கிராம சபையில் வாசிக்கப்படவேண்டும். வருமான வரியை ஒழிப்போம் என்று யார் சொன்னாலும், அதற்கு ஈடான பணம் யார் வீட்டு அடுக்களையிலிருந்து வரும் என்று முதலில் கேட்கவேண்டும்.

படைப்பாளிகளிடம் ஒரு வேண்டுகோள். நம் தன்வரலாறுகளில் பசி இருக்கிறது, அவமானம் இருக்கிறது. நம் பாட்டிமார் என்ன விலைக்கு உப்பு வாங்கினார்கள், அம்மாமார் எதை வாங்காமல் விட்டார்கள் என்பதும் அவற்றில் வரட்டும். அரசு எழுதிவைக்காத கணக்கை வேறு யார் எழுதுவது?

என் அம்மா இப்போது உப்பளத்துக்குப் போவதில்லை. முட்டி வலி. முதியோர் உதவித்தொகை வாங்கப் போன இடத்தில், அரசாங்கம் சும்மா கொடுக்கிறது என்று யாரோ சொன்னார்களாம். இந்த முறை அம்மா கையெழுத்தைப் பற்றிப் பேசவில்லை. “முப்பது வருசம் உப்பு வாரிக் குடுத்திருக்கேன், சும்மாவா?” என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார்.

அந்தக் கேள்வியைத்தான் 1927 இல் அண்ணல் தலைக்கணக்கு போட்டுக் கேட்டார். பதில் இன்னும் பாக்கி.

ஜெய்பீம்.